கோல்ஃப் கிரீன் ஏன் உருமாறுகிறது?

அமெரிக்காவின் ஆகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தை 1930களின் தொடக்கத்தில் பாபி ஜோன்ஸும் அலிஸ்டர் மெக்கென்சியும் வடிவமைத்தார்கள். குழி இருக்கும் ‘கிரீன்’ தரையில் அன்று இருந்தது பெர்முடா புல். நம் அருகம்புல்லின் இனம். அதன் தடித்த இலைகள் பந்தை இழுத்துப் பிடிக்கும். அதனால் மேடு பள்ளங்களைத் தாராளமாகவே வைத்தார்கள்.

1980இல் மெல்லிய இலை கொண்ட பென்ட் புல் வந்தது. அதைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டலாம். சிக்கல் அங்கேதான். சரிவில் பந்தைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. தடுத்து நிறுத்துவது புல். தடுப்பு குறைந்தால், குழியருகே நிற்க வேண்டிய பந்து கிரீனை விட்டே உருண்டோடிவிடும். குழி வெட்டத் தோதான இடமும் சுருங்கும். எனவே சில சரிவுகளைத் தணிக்க வேண்டியதாயிற்று.

யாரும் திட்டமிடாமலும் கிரீன்கள் மாறும். பக்கத்து மணற்குழியிலிருந்து பந்தை அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மணல் தெறித்து ஓரத்தில் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து விளிம்பை உயர்த்துகிறது. புல்வெட்டி ஓட்டுபவர் மூலைகளை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப, கிரீன் சிறுத்து வட்டமாகிறது. பழைய மைதானங்களைச் சீரமைப்பவர்கள் முதலில் பழைய வான்வழிப் படங்களைத் தேடுவது இதனால்தான்.