கண்ணாஸ்பத்திரி வரை நீண்ட வைஃபை

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு 'இயக்க அமைப்பு', 'நெறிமுறை' இரண்டும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற சொற்கள். அவை இரண்டிலும் கைவைக்க வேண்டிய கட்டாயம் வந்தது அடுத்த மாவட்டத்தில்தான். பேரையூர், எழுமலை, உசிலம்பட்டி தாண்டினால் தேனி.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுப்பட்டு ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அங்கே வரும் நோயாளியை டாக்டர் தேனியிலிருந்தபடியே வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் குழுவினர் இதற்கு மலிவான வைஃபை அட்டைகளையும், நேருக்கு நேர் திருப்பிக் கட்டிய ஆன்டெனாக்களையும் நம்பினார்கள்.

ஆனால் வைஃபை குறுகிய தூரத்துக்குள் புழங்குவதற்காகப் பிறந்தது. ஒவ்வொரு தகவல் பாக்கெட்டுக்கும் எதிர்முனை 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். சில பத்து மைக்ரோ நொடிக்குள் பதில் வராவிட்டால் தொலைந்துபோனதாக எண்ணி மறுபடி அனுப்பும். 15 கி.மீ. தூரத்தைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோ நொடி; போய்வர 100. பதில் பாதி வழியில் இருக்கும்போதே அதே பாக்கெட் மறுபடி கிளம்பிவிடும். ஒரே கோபுரத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால், ஒன்று அனுப்புகிற நேரத்தில் மற்றதற்கு எதுவும் கேட்காது.

குழு இந்த விதியை, அதாவது நெறிமுறையையே மாற்றியது. ரவுட்டர் பெட்டிக்குள் ஓடியது, யாரும் மாற்றி எழுதக்கூடிய லினக்ஸ் இயக்க அமைப்பு. அதனால் கைவைக்க முடிந்தது. நேரத்தைத் துண்டு போட்டார்கள். ஒரு துண்டில் கோபுரத்தின் எல்லா ஆன்டெனாவும் அனுப்பும், அடுத்ததில் எல்லாம் கேட்கும். பதிலும் மொத்தமாகப் போகும். 2007-ல் 'வைல்ட்நெட்' என்ற பெயரில் ஆய்வுக்கட்டுரை வந்தது. வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியிருந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கரண்ட் விஷயம். லோ வோல்டேஜில் பெட்டி பாதி பூட் ஆகி அப்படியே நின்றுவிடும். கரண்ட் விட்டு விட்டு வந்தால் மெமரி கார்டில் கோப்புகள் கெடும்; இயக்க அமைப்பு எழுந்திருக்காது. வோல்டேஜ் இறங்கினால் இணைப்பை முழுதாகத் துண்டிக்கும் சர்க்யூட், ஹேங் ஆனால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கிராமத்து மின்சாரத்தோடு மல்லுக்கட்டிய இந்த வேலையை ஏதாவது ஒரு பாடப்புத்தகம் ஒரு பக்கமாவது சொல்லியிருக்க வேண்டும்.

நம் பள்ளி லேபில் ஒரு பழைய ரவுட்டரைத் திறந்து, சீரியல் கேபிள் மாட்டி, லினக்ஸ் பூட் ஆகும் வரிகளைத் திரையில் ஓடவிட்டுக் காட்டலாம். ஒரு பீரியட் போதும்.