அரிவாள் வெட்டும் அசையும் விரலும்

முழங்கையின் உட்புறம் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தது போல் சுரீரென்று ஓடும். அங்கே எலும்பை ஒட்டிப் போகும் அல்னார் நரம்பின் வேலை அது. அல்னார், மீடியன், ரேடியல் மூன்றும் கையின் முக்கிய நரம்புகள். பாடப்புத்தகப் படத்தில் மூன்றுக்கும் தனித்தனித் தடம் உண்டு. உண்மையான கைகளில் அந்தத் தடம் பலருக்கு மாறியிருக்கும்.

அதிகம் அறியப்பட்ட மாற்றம் மார்ட்டின்-குரூபர் இணைப்பு. 1763-இல் மார்ட்டினும் 1870-இல் குரூபரும் எழுதிவைத்தது. மீடியன் நரம்பின் சில இழைகள் முன்கையில் தாவிப்போய் அல்னாரோடு சேர்ந்துகொள்ளும். 100 பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு இது இருக்கலாம். நோயல்ல, ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகும். கை வெட்டுப்படும் அன்றுதான் சிக்கல்.

நெல்லும் மல்லாட்டையும் விளையும் திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அரிவாள் காயம் புதிதல்ல. முழங்கையருகே வெட்டு விழுந்து அல்னார் அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு உள்ளவருக்கு, விரல்களை விரிக்கும் தசைகளுக்கு மீடியன் வழி வந்த இழைகள் அப்போதும் வேலை செய்யும். “விரலை விரிங்க, சேருங்க” என்றால் விரல் அசையும். நரம்பு தப்பித்தது என்று தையல் போட்டு அனுப்பிவிடலாம். ஆனால் இந்த இணைப்பில் போவது பெரும்பாலும் இயக்க இழைகள். தொடுஉணர்வு அந்த வழியே வராது. கண்ணை மூடச் சொல்லி, சுண்டுவிரல் நுனியைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஒரு நிமிட வேலைதான். “மரத்த மாதிரி இருக்கு” என்று காயப்பட்டவர் சொன்னால் அதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஊசியிலும் ஆபத்து உண்டு. தமிழில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். “நரம்பு கிடைக்கல” என்று செவிலியர் தேடுவது சிரையை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் அந்தச் சிரையை ஒட்டியே ரேடியலின் கிளை ஒன்று ஓடுகிறது. அதன் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். ஊசி ஏறும்போது கட்டைவிரலுக்குச் சுரீரென்று பாய்ந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே சொல்ல வேண்டும், ஊசியை எடுத்துவிட வேண்டும்.

அறுந்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். நரம்பு வந்து சேராத தசை 12 முதல் 18 மாதங்களில் மீட்க முடியாதபடி வீணாகிறது. எனவே சுத்தமான வெட்டை முதல் சில நாட்களிலேயே இணைப்பது நல்லது. முதல் சில நாட்களில் எடுக்கும் நரம்பு மின்பரிசோதனை ஏமாற்றக்கூடும். 3 வாரம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். காலம் கடந்தவர்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய கைகளுக்குச் செய்து உலகுக்குக் காட்டிய முறை அது.

நரம்பு அறுந்ததை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டால், “உங்க கை அமைப்பே அப்படி” என்று மருத்துவமனை சொல்வது முழுமையான பதில் ஆகாது. இந்த மாற்றங்கள் மருத்துவ மாணவரும் படிப்பவை. அதற்காக எல்லாப் பாதிப்பும் அலட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. சராசரித் திறமையுள்ள மருத்துவர் செய்திருக்கக்கூடிய பரிசோதனை நடந்ததா என்பதுதான் கேள்வி. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோலும் அதுவே. குற்றவழக்குக்கோ மிகக் கடுமையான அலட்சியம் தேவை. அறுவைக்கு முன் ஆபத்துகளைச் சொல்லி ஒப்புதல் பெறுவது கட்டாயம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும்; வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று சாந்தா வழக்கில் (1995) தீர்ப்பானது. அங்கே உரிமையியல் வழக்கு அல்லது உயர் நீதிமன்ற ரிட் மனுதான் வழி. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எதுவானாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். கைச் செயலிழப்பு 40 சதவீதத்தை எட்டினால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் உரிய சலுகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.