மூலையில் நிற்பவனின் விலை

கபடியாட்டத்தில் பெயர் பெறுபவன் பாடிச் செல்வோனே. எதிரிகள் எழுவர் நடுவே தனியனாய்ப் புகுந்து, 30 விநாடிக்குள் ஒருவனையோ இருவரையோ தீண்டி மீளும் அவனைக் கண்டு கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. மறுநாள் நாளிதழில் அவன் படமே வெளிவருகின்றது. அவனைப் பிடிப்பதற்காகக் களத்தின் இரு மூலைகளிலும் நிற்போரை, ஆட்டக்காரர் வழக்கில் ‘கார்னர்’ எனப்படுவோரை, ஆட்டம் முடிந்தபின் நினைப்பவர் சிலரே. ஆயினும் கல்லூரி மாணவராயிருந்து தொழில்முறைக் கபடிக்குச் செல்ல விரும்புவோருள் மதிப்பிடுதற்கு மிக அரியவன் இம்மூலையாட்டக்காரனே என்பது என் துணிபு. அதன் காரணங்களை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டில் எட்டு அணிகளோடு தொடங்கிற்று. 2017இல் அணிகள் பன்னிரண்டாயின. நம் தமிழ்த் தலைவாஸ் அணி தோன்றியதும் அவ்வாண்டிலேயே. கல்லூரி மாணவர்க்கு அதன் வாயில் நேராகத் திறந்ததற்கு எடுத்துக்காட்டாக 2022ஆம் ஆண்டு ஏலத்தைக் கூறலாம். பெங்களூரில் அவ்வாண்டு நடைபெற்ற கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் இறுதியாட்டம் ஆடிய இரு அணிகளிலிருந்தும் 24 மாணவர் ஏலப்பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். பட்டியலில் இருந்தோரோ 500க்கு மேற்பட்டவர். ஏலத்தின் கடைவகுப்புக்கு 2023இலும் 2025இலும் குறித்த அடிப்படை விலை 9 இலட்சம் ரூபாய். ஓர் உழவர் வீட்டு மாணவனுக்கு இஃது எத்துணைப் பெருந்தொகை என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அவன் பெயரைப் படித்து, கேட்பாரின்றி அடுத்த பெயருக்குச் செல்லச் சிறுபொழுதே போதும். ஆதலின் வாங்குவோர் முன்னரே அவனைச் சரிவரக் கண்டிருத்தல் வேண்டும்.

காண்பது எவ்வாறு? முதலிற் களத்தை அறிதல் நன்று. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடும், அதற்கப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடும் உள்ளன. ஆறு பேரோ எழுவரோ எதிர்த்து நிற்கையில் பாடிச் செல்வோன் ஒரு காலை அந்தரத்தில் உயர்த்தி மற்றொரு காலால் போனஸ் கோட்டைக் கடந்தானாயின் அவனுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அங்ஙனம் அவன் கால் நீட்டும் அந்நொடியே மூலையாட்டக்காரனுக்கு வாய்ப்பும் பொறியும் ஆகும். கணுக்காலைப் பற்றினால் வெற்றி. முந்திப் பாய்ந்தாலோ, பாடியவன் காலை வாங்கிக்கொண்டு, பாய்ந்தவன் முதுகைத் தட்டிவிட்டுப் போவான். தானாகவே சென்று புள்ளி கொடுப்பது என்று ஆட்டக்காரர் இகழ்வது இதனையே.

இனிப் புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவன் இத்தனை பிடிப்புள்ளி பெற்றான் என்று போட்டிக் குறிப்பேட்டில் உள்ளதைக் கொண்டே விலை பேசுவோர் பலர். அக்கணக்கோ பெரிதும் மயக்குவது. இரு மாணவரைக் கொள்வோம். முதல்வன் 80 முறை பாய்ந்து 40 முறை பிடித்தான். மற்றவன் 50 முறை பாய்ந்து 30 முறை பிடித்தான். குறிப்பேட்டில் முதல்வனே பெரியவன். ஆனால் தவறிய ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் எதிரணிக்குக் குறைந்தது ஒரு புள்ளி போகும். ஆகவே முதல்வன் தன் அணிக்கு ஈட்டியதும் இழந்ததும் ஒன்றே. மற்றவனால் வந்த மிகுதியோ 10. அன்றியும் தவறியவன் வெளியே அமர்ந்துவிட, அவன் நின்ற மூலைக்குப் பழக்கமில்லாத ஒருவன் நகர்கின்றான். அடுத்துப் பாடி வருவோன் அவ்விடத்தையே தேடிப் போவான். இவ்விழப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மற்றொன்றும் உளது. களத்தில் மூவரோ அதனிற் குறைந்தவரோ நிற்கையில் பிடித்தால் அது ‘சூப்பர் டேக்கிள்’. அதற்கு இரண்டு புள்ளி. எளிய அணியில் ஆடுபவன் அடிக்கடி மூவருள் ஒருவனாய் நிற்க நேர்கின்றது. ஆகவே அணியின் மெலிவே அவன் கணக்கை வீங்கச் செய்கின்றது. வலிய அணியின் மூலையாட்டக்காரனுக்கு அவ்வாய்ப்பு அருகியே வரும். மேலும் கல்லூரி அணிகள் பலவற்றில் பாடிச் செல்வோருள் தேர்ந்தவன் ஒருவனே இருப்பான். ஆதலின் எத்தனை பிடித்தான் என்பதினும் யாரைப் பிடித்தான் என்பதே கேட்கத்தக்கது.

எங்கள் பக்கத்து இராசபாளைய நாயை யாவரும் அறிவர். குட்டி வாங்க வருவோர் தூய வெண்மையையும் செம்மூக்கையும் கண்டு மயங்குவர். ஆனால் அவ்வினத்து வெண்குட்டிகளிற் சில பிறவியிலேயே செவிடாய் இருப்பதுண்டு. அறிந்தவர் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்தே வாங்குவர். பிடிப்புள்ளி அவ்வெண்மை போன்றது. செவி வேறிடத்தில் உள்ளது.

அவ்விடம் யாது? அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயரால் ஆடப்படும் ஆட்டத்தில், பந்தை எறிவோன்மேற் பாய்ந்து வீழ்த்துவதையே தொழிலாகக் கொண்ட காவலர் உளர். கல்லூரிகளிலிருந்து அவர்களைத் தேர்ந்தெடுக்குமுன் 40 கஜம் ஓடவிட்டு நேரம் குறிக்கின்றனர். 225 பவுண்டு எடையை எத்தனை முறை உயர்த்துகின்றான் என எண்ணுகின்றனர். ஆயினும் தேர்ந்த மதிப்பீட்டாளர், அவன் வீழ்த்திய எண்ணிக்கையோடு நில்லாமல், எறிவோனை எத்தனை முறை அவசரப்படுத்தி இடம்பெயரச் செய்தான் என்பதையும் கணக்கிடுகின்றனர். கபடிக்கும் இது முற்றும் பொருந்தும். ஒருவன் நிற்கும் மூலைப்பக்கம் பாடிச் செல்வோன் போகத் தயங்குகின்றானா? போனஸுக்குக் கால் நீட்டுவதை அப்பக்கம் கைவிடுகின்றானா? ஆம் எனின், ஒரு பிடியும் பிடியாமலே அவன் அணிக்குப் பயன்பட்டவனாகின்றான். இதனைக் காண வேண்டுவோர் பாடுபவனை விட்டு, மூலையில் நிற்பவனின் கால்களையே ஆட்டம் முழுதும் நோக்குதல் வேண்டும். அது சலிப்பூட்டும் வேலைதான். ஆயின் வேறு வழியில்லை.

வள்ளுவர் காலமறிதல் என்னும் அதிகாரத்தில் கொக்கையும், பின்வாங்கிப் பாயும் ஆட்டுக்கடாவையும் உவமை கூறியிருப்பதைத் தமிழ் மாணவர் மறந்திரார். மூலையாட்டக்காரனின் கலை முழுவதும் அவ்விரண்டனுள் அடங்கும். இதற்கு உயிருள்ள சான்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். 1975இற் பிறந்த இவர், லீக் தொடங்கியபோதே முப்பத்தொன்பதாம் வயதை எய்தியிருந்தார். 2016இல் நாற்பதைக் கடந்த நிலையில் பட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராய் நின்று கோப்பையை வென்றார். வலமூலை இவர் இடம். கால் விரைவையே நம்பியவர் அவ்வயதில் ஆடியிருத்தல் இயலுமோ? பாடுவோனின் வேகம் இளமையோடு தேயும். மூலையில் நிற்போனின் பொறுமையோ ஆண்டுதோறும் முதிரும். இருபது வயது மாணவன் ஒருவனை மதிப்பிடுங்கால், இன்று அவன் பிடித்ததைக் காட்டிலும், தவறிய பாய்ச்சலுக்கு அடுத்த முறை அவன் என்ன செய்கின்றான் என்பதே என் நோக்கில் முதன்மையானது. சினந்து உடனே மறுபடி பாய்வோனை நான் வாங்கேன். அரையடி பின்வாங்கி, பக்கத்தில் நிற்பவன் கையைப் பற்றிக்கொண்டு காத்திருப்பவனுக்கே விலை கூட்டுவேன்.

நிற்க. பழகிய ஆட்டக்காரனை மதிப்பிடுவதே எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு ஈரான் நாட்டு மொகம்மது ரெசா ஷாத்லூயியின் விலையேற்றத்தைக் காண்க. இடமூலையில் நின்ற இவரை 2021இல் பட்னா அணி 31 இலட்சத்துக்கு வாங்கிற்று. அப்பருவத்தில் அவர் 89 பிடிப்புள்ளி பெற்றார். 2023இல் புனே அணி அவருக்குக் கொடுத்தது 2.35 கோடி. அவரைக் கொண்டு அவ்வணி கோப்பை வென்றது. 2024இல் அவர் அரியானா அணிக்குச் செல்ல, அவ்வணியும் வென்றது. மறுபுறம், 2022இல் தமிழ்த் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து வாங்கிய பவன் செராவத் முதலாட்டத்திலேயே முழங்காலிற் காயமுற்று அப்பருவம் முழுதும் ஆடவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர் அதுவரை பெயர் தெரியாத இளைஞர் நரேந்தர். அவர் 243 புள்ளி ஈட்டினார், அணியும் அரையிறுதியை எட்டிற்று. இவ்விருவரும் பாடிச் செல்வோர் எனினும், விலைச்சீட்டைக் கண்டு ஆளை அளத்தல் ஆகாதென்பது யாவர்க்கும் பொது.

இனி நம் நாட்டுப்புறத்து இளைஞர்க்குரிய தனித்தொல்லைகள் சில. மடவார் வளாகத்தில் நாங்கள் சிறுவயதில் ஆடிய சடுகுடு மண்ணில், வெறுங்காலில் ஆடியது. பொங்கலையொட்டித் தென்மாவட்டக் கிராமங்களில் இரவெல்லாம் நடைபெறும் போட்டிகள் பலவும் மண்ணிலேயே. தொழில்முறைக் கபடியோ விரிப்பின்மேல், காலணியோடு ஆடப்படுவது. மண்ணில் வழுக்கும் கால் விரிப்பில் பற்றி நிற்கும். பாடுவோன் திரும்பும் வேகம் மிகும். மண்ணில் கைக்கெட்டிய கணுக்கால் விரிப்பில் எட்டாது போகும். ஆகவே மண்களத்தில் ஒருவனைக் கண்டு போற்றுவதும் தவறு, இகழ்வதும் தவறு. சில திங்கள் விரிப்பில் ஆடவிட்டுப் பின்னரே காணல் வேண்டும். அவ்வாய்ப்பு எத்தனை கல்லூரிகளில் உள்ளது? மொழியும் ஒரு தடையே. மூலையில் நிற்பவன் பக்கத்தானோடு ஓயாது பேசிக்கொண்டிருக்க வேண்டியவன். தமிழ்த் தலைவாஸ் எனப் பெயர் பூண்ட அணியிலும் ஆடுவோர் பலர் அரியானாவினர். நம் மாணவன் ‘பிடி’ என்று கூவுமுன் பக்கத்தான் பாய்ந்திருப்பான். களத்துக்கு வேண்டிய இருபது இந்திச் சொற்களைக் கற்றுக்கொள்ளுதல் தமிழுக்கு இழுக்கன்று.

உடலைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். எடை 85 கிலோவுக்கு மேற்படலாகாது. தோளும் முழங்காலும் விரலும் மூலையாட்டக்காரனுக்கு முதலிற் கெடுவன. பழைய காயத்தை மறைத்து ஏலத்திற்குச் செல்வோன் தன்னையே வஞ்சித்தவனாவான். பல்கலைக்கழகப் போட்டியில் ஒருவன் ஆடுவன சில ஆட்டங்களே; லீகில் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் முதற்சுற்றிலேயே 22 ஆட்டம் இருந்தன. நான்கு நாள் தாங்கிய தோள் இரண்டரைத் திங்கள் தாங்குமா என்பதை மருத்துவரன்றிப் பிறர் கூறவியலாது.

அப்பருவம் அக்டோபர் 18ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 29இல் முடிந்தது. நவம்பர்ப் பருவத்தேர்வுகள் அதனிடையே வருவன. ஏலத்துக்குப் பெயர் கொடுக்க எண்ணும் நண்பர் எவரேனும் இவ்விதழைப் படிப்பாராயின், பயிற்சியாளரிடம் பேசுமுன் துறைத்தலைவரைக் கண்டு, வருகைப்பதிவுக்கும் தேர்வுக்கும் வழி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வாராக.