ஆராதனைப் பாடலை நடத்துபவருக்குச் சுருதியும் தாளமும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது தமிழ்ச் சபைகள் பல, வேற்றுமொழிச் சபையொன்றின் ஆலயத்தை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்தே ஆராதனை நடத்துகின்றன. கிடைப்பது இரண்டு, மூன்று மணித்தியாலம். பாடிப் பழக நேரமில்லை. ஓரளவு குரல்வளம் உள்ள ஒருவரை முன்னால் விட்டு, மிச்சத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று தொடங்கிவிடுகிறோம். இதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனமில்லை. முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் ஆலயப் பாடலுக்கு நியமிக்கப்பட்டவர்களின் தொகை 288. எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் என்றும் அங்கே இருக்கிறது. கணக்காளனுக்கு இப்படியான எண்கள்தான் முதலில் கண்ணில் படும்.

நடத்துபவரின் திறமைக்கு அவருடைய குரல் அளவுகோல் அல்ல. சபை பாடுகிறதா என்று பாருங்கள். பாடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சுருதிதான். யூடியூப்பில் ஒரு பாடகர் எடுத்த சுருதியிலேயே நாமும் தொடங்குகிறோம். அவர் மேல்ஸ்தாயியில் பாடிப் பழகியவர். பின்வரிசையில் இருக்கும் எழுபது வயது அம்மாவும், குரல் உடையும் வயதுப் பையனும் அனுபல்லவியிலேயே வாயை மூடிவிடுவார்கள்.

இதற்குப் பெரிய சங்கீத ஞானம் தேவையில்லை. பாட்டின் ஆக உயர்ந்த சுரம் எது என்று கண்டுபிடியுங்கள். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது 'சி'யை ஸட்ஜமாக வைத்து, பாட்டு மேல்ஸ்தாயி அந்தர காந்தாரம் வரை போனால் அந்த இடம் 'ஈ'. ஆண், பெண், பிள்ளைகள் கலந்த சபைக்கு அது கடினம். கீபோட்டில் ட்ரான்ஸ்போஸை இரண்டு படி இறக்கினால் உச்சம் 'டி'யில் நிற்கும். பலரும் எட்டுவார்கள். பிறகு கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். அளவுக்கு மீறி இறக்கினால் கீழ்வரிகள் வெறும் முணுமுணுப்பாகிவிடும். இரண்டு பக்கமும் சரிவராத பாட்டென்றால் அதை ஒருவர் தனிப்பாட்டாகப் பாடட்டும்.

தாளத்தில்தான் கீர்த்தனைகள் அதிகம் அடிவாங்குகின்றன. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகம், தாளத்தோடு கட்டிக் கொடுத்த வடிவம் அது. மிச்ர சாபில் ஏழாக நடக்கும் பாட்டைக் கீபோட்டின் நாலெண்ணிக்கை ரிதத்துக்குள் திணித்தால் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும், சொல்லே மாறிப்போகும். ரிதத்தை நிறுத்திவிட்டுக் கையால் தாளம் போடுங்கள்.

கீர்த்தனையில் இன்னொரு வசதியும் உண்டு. நடத்துபவர் ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாடலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் சேர்ந்துகொள்ளலாம். திரையில் ஓடும் தமிழைப் பார்த்து விழிக்கும் எமது பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கு நடத்துபவர் வரியைத் தெளிவாக முறித்து, மூச்சுவிடும் இடத்தையும் காட்டப் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் பலர் சனிக்கிழமைகளில் வயலினும் மிருதங்கமும் பழகுகிறார்கள். வகுப்புக்கும் அரங்கேற்றத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சும்மா கதிரையில் இருத்தி வைக்கிறோம்! புதன்கிழமையே பாட்டுப் பட்டியலையும் சுருதியையும் அவர்களுக்கு அனுப்புங்கள். ஆராதனைக்கு அரை மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்லி, ஒரு பாட்டையாவது கீபோட் இல்லாமல் பாடிப் பாருங்கள். அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து நடத்துபவரே வீட்டில் கேட்கட்டும்.