புத்துயிர் பெறும் பழைய சாகச விளையாட்டுகள்

கதை கேட்க விரும்பாத குழந்தை உலகில் எங்கும் இல்லை. அதிலும் வாளேந்திய வீரன், பாழடைந்த கோட்டை, குகைக்குள் ஒளித்து வைத்த செல்வம் என்று கதை போனால் சோறு தண்ணீர் மறந்து கேட்போம். நம் சேலம் மாநகருக்கும் இத்தகைய கதைகளுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. திரு. டி. ஆர். சுந்தரம் அவர்கள் இங்கே நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'மந்திரி குமாரி', 1951-ல் 'சர்வாதிகாரி' ஆகிய வாட்போர்ப் படங்களைத் தந்தது. அதே நிறுவனம் 1956-ல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற பெருமையைப் பெற்றது. ஏற்காடு செல்லும் சாலையில் அந்நிறுவனத்தின் நுழைவு வளைவைக் காணும்போதெல்லாம் பெரியவர்கள் அக்காலத்தை நினைவுகூர்வார்கள்.

தாத்தாவும் பாட்டியும் திரையில் கண்டு களித்த அதே வகைக் கதையை, இன்று பேரப்பிள்ளைகள் கணினியிலும் தொலைக்காட்சியிலும் தாமே நாயகராகி ஆடுகிறார்கள். திரைப்படத்தில் பள்ளத்தைத் தாண்டுவது நடிகரின் வேலை. வீடியோ விளையாட்டில் தாண்ட வேண்டியவர் நாம். தவறினால் விழுந்து, மீண்டும் முயல வேண்டும். ஓட்டம், போர், புதிர், பயணம் யாவும் கலந்த இவ்வகையை 'ஆக்‌ஷன் அட்வென்சர்' என்பர். நாம் சாகச விளையாட்டு என்றே சொல்லுவோம். 1980-களிலும் 1990-களிலும் புகழ்பெற்ற பல சாகச விளையாட்டுகள் இப்போது புதுமெருகுடன் மறுபடி வெளிவருகின்றன. இப்படி வருவதற்கு 'ரீமாஸ்டர்' என்று பெயர். அது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நாம் கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

லாரிப் பட்டறையில் கிடைக்கும் விளக்கம்

ரீமாஸ்டர், ரீமேக் என்ற இரண்டு சொற்களையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்திருக்கும் நமக்கு வேறுபாடு எளிதில் விளங்கும். ஓடித் தேய்ந்த லாரி ஒன்று பட்டறைக்கு வருகிறது. சேசிஸும் என்ஜினும் அப்படியே இருக்க, பழைய பலகைகளையும் தகடுகளையும் கழற்றிவிட்டுப் புது பாடி கட்டி வண்ணம் தீட்டுகிறார்கள். இதுவே ரீமாஸ்டர். விளையாட்டின் உள்ளே இயங்கும் நிரல் பெரும்பாலும் பழையது; கண்ணுக்குத் தெரியும் படமும் காதுக்குக் கேட்கும் ஒலியும் மெருகேறுகின்றன. அந்தப் பழைய லாரியை ஒதுக்கிவிட்டு, அதே தடத்தில் அதே சுமையை ஏற்றிச் செல்ல முற்றிலும் புதிய லாரி வாங்கினால் அது ரீமேக். கதை பழையது, கட்டுமானம் முழுவதும் புதியது.

ஒரே விளையாட்டு இரண்டு வகையிலும் வந்ததுண்டு. இறந்த பெண்ணொருத்தியை உயிர்ப்பிக்கக் குதிரையேறிச் சென்று 16 பூதாகரமான உருவங்களை எதிர்கொள்ளும் இளைஞனின் கதை 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. இது பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2005-ல் வெளிவந்தது. 2011-ல் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு ரீமாஸ்டராக வந்தது. 2018-ல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு ரீமேக்காக வந்தது.

புள்ளிகளின் கணக்கு

பழைய விளையாட்டை இன்றைய தொலைக்காட்சியில் அப்படியே போட்டால் என்ன என்று கேட்கலாம். 1990-களின் முதல் பிளேஸ்டேஷன் கருவி பெரும்பாலும் அகலத்தில் 320, உயரத்தில் 240 புள்ளிகள் கொண்ட படத்தையே காட்டியது. பெருக்கிப் பார்த்தால் 76,800 புள்ளிகள். இன்றைய சாதாரண முழு எச்.டி. திரையில் 1,920-க்கு 1,080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அதாவது 27 மடங்கு. சிறு கோலத்தை அப்படியே 27 மடங்கு பெரிதாக்கினால் புள்ளிகளும் கோடுகளும் தடித்துப் பிதுங்கும் அல்லவா? அவ்வாறே பழைய படமும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்துப் படக்குழாய்த் தொலைக்காட்சிகள் ஓரங்களைச் சற்று மங்கலாக்கிக் காட்டும். ஓவியர்கள் அந்த மங்கலையும் கணக்கில் கொண்டே படம் வரைந்தார்கள். இன்றைய தட்டைத் திரை எதையும் மறைப்பதில்லை. ஆகவே ரீமாஸ்டர் செய்பவர்கள் சுவர், முகம், மரம், நீர் ஆகிய ஒவ்வொன்றின் மேற்பரப்பையும் மறுபடி தீட்ட வேண்டியிருக்கிறது. முகம் எவ்வளவு அழகாக வந்தாலும், தாண்டும் தூரமும் விழும் நேரமும் மாறிவிட்டால் அது பழைய விளையாட்டாக இராது. இத்தொழிலின் கடினமான பகுதி இதுவே.

பொத்தானை அழுத்தினால் பழைமை

இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனம் 1996-ல் 'டூம் ரைடர்' என்னும் விளையாட்டை உருவாக்கியது. வாள்வீரர்களும் படைவீரர்களுமே நாயகராக வலம்வந்த காலத்தில், பழம்பொருள்களைத் தேடிக் குகைகளிலும் கல்லறைகளிலும் தனியே புகும் லாரா கிராஃப்ட் என்ற பெண் இதன் நாயகி. சில நூறு முக்கோணங்களை ஒட்டி உருவாக்கப்பட்ட அப்பெண் உலகப்புகழ் பெற்றாள்.

இத்தொடரின் முதல் மூன்று விளையாட்டுகளும் ஆஸ்பயர் நிறுவனத்தின் வழியாக 2024 பிப்ரவரி 14 அன்று ரீமாஸ்டராக வெளிவந்தன. அதில் போற்றத்தக்க ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய படம் மறைந்து 1990-களின் பழைய படம் தோன்றும். மீண்டும் அழுத்தினால் புதியது வரும். இதனால் பழையவர்கள் எவ்வளவு குறைந்த வசதியில் எவ்வளவு செய்தார்கள் என்பதை இளையோர் கண்ணெதிரே ஒப்பிட்டு அறிகிறார்கள்.

1998-ல் வந்த மூன்றாம் விளையாட்டு நம் இந்தியாவில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த இந்தியா எப்படி இருக்கிறது? அடர்ந்த காடு, பாயும் புலி, பாழடைந்த கோயில், உயிர்பெற்று வாள் வீசும் ஆறு கைச் சிலை. வெளிநாட்டார் கற்பனையில் உருவான இந்தியா அது. நம் பருத்தி வயலும் தறிச் சத்தமும் அதில் இல்லை. இத்தொடரில் மக்களையும் பண்பாடுகளையும் இழிவாகக் காட்டும் பகுதிகள் இருப்பதை ரீமாஸ்டர் வெளியிட்டோர் உணர்ந்தே இருந்தனர். அவற்றை நீக்காமல், இவை தவறானவை என்ற அறிவிப்பைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். நீக்கினால் தவறு நடந்ததற்கான தடயமே மறைந்துவிடும்; அறிவிப்பு இருந்தால் ஆடுபவர் சிந்திப்பார். நம் நாட்டுக் கதையை நாமே சொல்லும் முயற்சியும் தொடங்கிவிட்டது. புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழுவினர் 2020-ல் வெளியிட்ட 'ராஜி' என்ற சாகச விளையாட்டில், அசுரர்களிடமிருந்து தம்பியை மீட்கப் புறப்படும் அக்காதான் நாயகி.

தம்பியின் ஓட்டமும் பாரசீக இளவரசனும்

1989-ல் அமெரிக்காவில் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற விளையாட்டை ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி முடித்தார். சிறைப்பட்ட வீரன் 60 நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்பதே கதை. வீரனின் அசைவு உயிருள்ளதாக இருக்க வேண்டும் என்று விரும்பிய அவர், தம் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் தொங்கவும் செய்து படம்பிடித்தார். பிறகு அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வோர் அசைவையும் வரைந்தார். வாட்போருக்கு 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' திரைப்படத்தின் சண்டைக்காட்சி உதவியது. திரைப்பட வாள் கணினிக்குள் புகுந்த வரலாறு இது எனலாம்.

அவ்வரிசையில் 2003-ல் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் உருவான 'தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்' பெரும் வரவேற்பைப் பெற்றது. கால் தவறி விழுந்தால் மாயக் குறுவாளால் காலத்தைப் பின்னோக்கித் திருப்பிக்கொள்ளலாம் என்பது அதன் புதுமை. அதை ரீமேக் செய்யும் பொறுப்பை யூபிசாஃப்ட் நிறுவனம் தன் புனே, மும்பை கிளைகளுக்கு அளித்து 2020 செப்டம்பரில் அறிவித்தது. உலகப்புகழ் பெற்ற விளையாட்டை மீட்டெடுக்கும் பணி இந்தியர் கைக்கு வந்தது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் முன்னோட்டக் காட்சிகள் காலத்துக்கேற்ற தரத்தில் இல்லை என்று குறை எழுந்தது. வெளியீடு தள்ளிப்போயிற்று. 2022 மே மாதம் பணி மான்ட்ரியாலுக்கே மாற்றப்பட்டது. 2026 சனவரியில் நிறுவனம் அம்முயற்சியையே கைவிட்டது. குறுவாளைத் திருப்பினால் காலம் திரும்புவது கதையில்தான். மக்கள் மனத்தில் மெருகேறி நிற்கும் ஒரு படைப்பை மறுபடி கட்டுவது, புதியதொன்றைக் கட்டுவதினும் கடினம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

காத்து வைத்தால்தான் மீளும்

இனி இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். மெருகேற்ற வேண்டுமானால் மூலப்பொருள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் பெரிய நிறுவனத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது.

மெக்னர் எழுதிய முதல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் மூலநிரல் பல ஆண்டுகள் எங்கிருக்கிறது என்றே தெரியாமல் இருந்தது. 2012-ல் அவருடைய தந்தையார் வீட்டிலிருந்த பெட்டி ஒன்றில் பழைய பிளாப்பி வட்டுகளைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். பழங்கணினி வல்லுநர்கள் உதவியுடன் நிரல் மீட்கப்பட்டு, உலகோர் அனைவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டது. காந்தப்பூச்சுக் கொண்ட அவ்வட்டுகள் காலம் செல்லச் செல்லப் பதிவை இழக்கக்கூடியவை. ஒரு தந்தை பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அது பிழைத்தது.

எல்லாருக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2002-ல் ஜப்பானில் வெளிவந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டை 2013-ல் ரீமாஸ்டர் செய்யப் புகுந்தபோது, மூலத் தரவுகள் தொலைந்துவிட்டிருந்தன. கடையில் விற்ற விளையாட்டையே பிரித்துப் பார்த்துப் பலவற்றை மறுபடி செய்தார்கள். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் நடத்திய ஆய்வு கூறியது. ரீமாஸ்டராக நம்மை வந்தடைவது ஒரு கைப்பிடி மட்டுமே.

நம் திரைப்படங்களின் கதையும் இதுவே. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-லும், 1965-ல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-லும் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தன. அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் சென்று பார்த்தார்கள். படச்சுருள் காக்கப்பட்டதால் இது நிகழ்ந்தது. 1931-ல் வெளியான தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' என்று பாடநூலில் படிக்கிறோம், பார்க்கத்தான் முடியாது. அதன் படச்சுருள் ஒன்றுகூட எஞ்சவில்லை.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

விளையாட்டு என்றாலே படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோரின் கவலை நியாயமானதே. எந்த விளையாட்டுக்கும் வயது வரம்பு உண்டு. அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதும், நேரத்தை வரையறுப்பதும் பெரியவர்கள் கடமை. ஆயினும் பழைய விளையாட்டொன்றை விடுமுறையில் மகளுடன் அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். அன்றைய கணினியில் இதை எப்படிச் செய்தார்கள் என்று அவள் கேட்கத் தொடங்கினால், அது கணிதத்துக்கும் ஓவியத்துக்கும் வரலாற்றுக்கும் வழிகாட்டும் கேள்வி.

தோழியரே! கணினிக் கூடத்தில் நாம் எழுதும் சிறு நிரலும், கண்காட்சிக்கு வரையும் படமும், ஆண்டு விழா நாடகத்தின் கையெழுத்துப் படியும் இன்று அற்பமாகத் தோன்றலாம். அவற்றைப் பெயரும் நாளும் எழுதி, இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். எப்படி இயக்குவது என்று ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். பிளாப்பி போனது போல இன்றைய பென் டிரைவும் ஒருநாள் போய்விடும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுங்கள். நமக்குப் பின் இப்பள்ளியில் படிக்க வரும் தங்கையர் அவற்றைத் திறந்து பார்த்து, நம்மைவிட அழகாகத் திருத்தி எழுதுவார்கள்.