இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சம் யாருக்கு?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட செங்குத்து இறக்கத்திலும் எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கார்புரேட்டர் காலத்தில் அந்தக் கணக்கில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பது நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலுக்குத் தள்ளினால்தான், அணையாமல் இருக்க இன்ஜின் எரிபொருள் குடிக்கும்.

சேதம் பிரேக்கில் தொடங்குகிறது. இன்ஜின் இழுத்துப் பிடிக்காததால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். பேட் சூடேறிப் பிடிப்பு குறையும், கருகல் வாடை வரும். சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 3 ரகத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் இழுத்த பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். பெடலை மிதித்தால் பஞ்சில் மிதித்ததுபோல் உள்ளே போகும். இன்ஜினையே அணைத்து இறக்குவது அதைவிட மோசம். காரில் ஓரிரு மிதியோடு பிரேக் கல்லாகும். லாரியில் கம்ப்ரஸர் நின்று காற்று குறையும்.

மற்ற சிக்கனங்களிலும் அளவு உண்டு. திணறும் வேகத்தில் டாப் கியரில் இழுத்தால் பேரிங்குக்குக் கேடு. டயரில் கூடுதல் காற்று அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும்.

வேனில் போகிறீர்களா? இறக்கத்தில் இன்ஜின் இரைச்சல் சட்டென அடங்கி, வேகம் மட்டும் ஏறினால் சந்தேகப்படுங்கள். "அண்ணே, கியர்ல போங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். காசு கொடுத்து ஏறியவருக்கு அந்த உரிமை இல்லாமல் யாருக்கு?

சொந்த வண்டியைப் பழுதுபார்க்க விடுகிறீர்களா? பேட், கிளட்ச் பிளேட் தேய்மானத்துக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. அது நியாயம்தான். ஆனால் உற்பத்திக் கோளாறையும் "நீங்க ஓட்டுனது சரியில்ல" என்று வாய்மொழியாகத் தட்டிக்கழித்தால் விடாதீர்கள். மறுப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டு நகலையும் கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். பழுது யாரால் என்பதில் தகராறு வந்தால், பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.