கட்டபொம்மன் வரலாறும் பள்ளி மாணவர் ஆராய்ச்சிப் பயிற்சியும்

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு வரலாறு பெரும்பாலும் முடிந்த முடிபாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆண்டும் பெயரும் நிகழ்ச்சியும் பாடநூலில் உள்ளன. அவற்றை நினைவிற் கொண்டு தேர்வில் எழுதுதலே மாணவர் கடனாக அமைகின்றது. அம்முடிபு எச்சான்றுகளால் பெறப்பட்டது என்னும் வினா வகுப்பில் அரிதாகவே எழுகின்றது. பின்னர் முதுகலை வகுப்பிற்கு வரும் மாணவர் பலர் சான்றுகளைச் சீர்தூக்க அறியாது இடர்ப்படுதற்கு இது ஒரு தலையாய காரணம். அப்பயிற்சியைப் பள்ளியிலேயே தொடங்குதல் கூடும் என்பதும், கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்திலேயே அதற்கேற்ற பொருள் உண்டு என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

அமெரிக்கக் கல்வி உளவியலறிஞர் சாம் வைன்பர்க் 1991 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டார். வரலாற்றறிஞர் 8 பேரிடமும் உயர்நிலைப் பள்ளி மாணவர் 8 பேரிடமும் ஒரே போரைப் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, அவர்கள் படிக்கும் முறையை அவர் நோக்கினார். அறிஞர்கள், எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார் என்பவற்றை முதற்கண் பார்த்தனர். ஓர் ஆவணத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டனர். மாணவரோ பெரும்பாலும் முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை செய்தியாகவே படித்துச் சென்றனர். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடு கண்ட உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியரின் நெறியை அறிந்த நமக்கு, அறிஞர் கையாண்ட முறை புதிதன்று. அதனைப் பள்ளி மாணவர்க்கு எளிமையாக்கித் தருதலே நாம் செய்ய வேண்டுவது.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறும், கிழக்கே எட்டயபுரமும், தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியும் உள்ளன. ஆகவே இந்நிகழ்ச்சி இவ்வட்டார மாணவர்க்குக் கண்கூடான நிலத்தில் நடந்ததாகும். இதனைப் பற்றி நால்வகைச் சான்றுகளை ஆசிரியர் வகுப்பில் வைத்தல் கூடும்.

முதலாவது, கும்பினிப் படைத்தலைவர் மேஜர் பானர்மன் மறுநாள் எழுதிய கடிதம். கால்டுவெல் 1881 இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அது இடம்பெற்றுள்ளது. இரண்டாவது, எட்டயபுரம் சமீன் மரபைப் போற்றும் 'வம்சமணி தீபிகை'. இது 1879 இல் வெளிவந்தது. மூன்றாவது, மக்கள் வாய்மொழியில் வழங்கிய கதைப்பாடல். நா. வானமாமலை பதிப்பித்த பாடத்தை மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இல் வெளியிட்டது. நான்காவது, 1959 இல் வெளிவந்த திரைப்படம்.

இவை ஒவ்வொன்றையும் குறித்து மூன்று வினாக்களை மாணவர் எழுப்புதல் வேண்டும். கூறியவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்துணைக் காலத்திற்குப் பின் கூறினார்? யார் கேட்பதற்காகக் கூறினார்?

பானர்மன் பகைவர்; தம் செயலை மேலிடத்திற்கு நியாயப்படுத்த வேண்டியவர். ஆதலின் கட்டபொம்மன் மீது அவர் சாட்டும் குற்றங்களை அப்படியே கொள்ளலாகாது. ஆயின் அக்கடிதத்திலேயே, விசாரணையின்போது கட்டபொம்மன் அஞ்சாது நின்றார் என்றும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரரை இகழ்ச்சியுடன் நோக்கினார் என்றும், தூக்குமரத்திற்கு உறுதியான நடையுடன் சென்றார் என்றும் அவர் எழுதுகின்றார். பகைவரைப் புகழ்வதால் அவர்க்கு வரும் ஊதியம் யாதுமில்லை. கண்ட மறுநாளே எழுதியமையால் மறதிக்கும் இடமில்லை. எனவே இப்பகுதி வலிய சான்றாகின்றது. ஒரே ஆவணத்தில் ஒரு பகுதியை ஐயுற்று மற்றொன்றை ஏற்பதற்குரிய காரணத்தை மாணவர் இங்கே கற்கின்றனர்.

'வம்சமணி தீபிகை' 80 ஆண்டுகட்குப் பிற்பட்டது. கும்பினிக்குத் துணைநின்ற சமீனின் சார்புடையது. பாரதியார் 1919 இல் எட்டயபுரம் மன்னர்க்குக் கடிதம் எழுதி, அந்நூலைத் திருத்தியெழுதித் தர முன்வந்தார் என்பதும் அறியத்தக்கது. கதைப்பாடல் ஆண்டுகளை அறிதற்குத் துணைசெய்யாது. ஆயினும் பாதர் வெள்ளை, வெள்ளையம்மாள் போன்றோரை மக்கள் எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதை அறிதற்கு அதுவே வாயில். திரைப்பட உரையாடல் நாடகாசிரியர் படைப்பு. அதனை 1798 ஆம் ஆண்டில் கலெக்டர் ஜாக்சனிடம் பேசப்பட்ட சொற்களாகவே கொள்வோர் இன்றும் உளர். 1950களின் தமிழர் விடுதலை வீரரை எங்ஙனம் கண்டனர் என்பதற்கு அது நல்ல சான்று, 1798க்குச் சான்றன்று.

ஏட்டுப் பயிற்சிக்குப் பின் களப் பயிற்சி வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று எழிலுடன் நிற்கும் கோட்டை, தமிழக அரசு 1974 இல் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையைக் கும்பினியார் அழித்தனர். இவ்வேறுபாட்டை மாணவரே கண்டு குறித்தல் நன்று. ஊர்ப் பெரியோரிடம் செய்தி திரட்டும்போது, சொன்னவர் ஊர், அகவை, யாரிடம் கேட்டார் என்பவற்றையும் உடன் எழுதச் செய்தல் வேண்டும். அவர் சொன்ன சொல்லை மாற்றாது எழுதுதல் முதல் விதி. இறுதியில், சான்றுகள் ஒத்துச் சொல்வன, முரண்படுவன, ஒரு சான்று மட்டுமே சொல்வன என மூன்றாகப் பகுத்து ஒரு பக்கக் கட்டுரை வரைதல் போதும்.

இங்ஙனம் வினவப் பழக்கினால் வீரர்பால் மாணவர்க்குள்ள மதிப்புக் குறையும் எனச் சிலர் அஞ்சுவர். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என்று எழுதிய நூலும் தமிழில் உண்டு. தெய்வமாகப் போற்றுவோரும் உளர். சான்றறியாத மாணவர் இறுதியாகக் கேட்டவர் பக்கமே சாய்வர். பகைவர் கடிதமே கட்டபொம்மனின் அஞ்சாமைக்குச் சான்று பகர்தலைத் தாமே கண்டறிந்த மாணவரின் மதிப்போ பிறர் சொல்லால் எளிதில் அசையாது.